மனையை விற்று வீடு வாங்கும்போது பத்திரத்தில் எவ்வளவு எழுதுவது?

26 ஜூலை 2025

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் கேட்டது, அவர் வார்த்தையிலேயே:

"அண்ணா, தர்மபுரி பக்கம் 1,500 சதுர அடி மனை இருக்கு. 2015 ஆகஸ்டில் வாங்கினேன். கொடுத்தது 9 லட்சம், பத்திரத்தில் இருப்பது நாலரை லட்சம். இப்போது 21 லட்சத்துக்கு ஆள் வந்திருக்கிறார். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 12 லட்சம்தான் வருது, அதை மட்டும் எழுதிவிட்டு மிச்சம் 9 லட்சத்தைக் கையில் வாங்கிக்கோ என்கிறார். எனக்கும் வரி மிச்சம்தானே? அந்தப் பணத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். பணவீக்கக் கணக்கை எடுத்துவிட்டார்களாமே, அதனால் வரி கூடுமா?"

26 ஜூலை, இரவு

நான் ஆடிட்டர் இல்லை, பைப் கடைக்காரன். நாலு சொத்து வாங்கி மூன்றை விற்றவன். அதில் இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி சுலபம். 2024 ஜூலை 23 முதல் நிலம், வீடு விற்றால் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கக் கணக்கு கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் வாங்கிய சொத்தாக இருந்து, விற்பவர் இந்தியாவில் வசிக்கும் தனிநபராக இருந்தால், பழையபடி வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி, மீதி ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்றும் போட்டுப் பார்க்கலாம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பத்து வருடத்துச் சொத்துக்கு 20 சதவீதக் கணக்குதான் லாபமாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

27 ஜூலை

காலையில் கடையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். நேற்றுச் சொன்ன கடைசி இரண்டு வாக்கியத்தை அழித்துவிடுங்கள்.

பத்திரத்தில் 4,50,000. அன்றைக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம், 36,000. வாங்கிய விலை 4,86,000. விற்பது 21 லட்சம், தரகர் கமிஷன் 2 சதவீதம் 42,000 கழித்தால் 20,58,000.

12.5 சதவீதத்தில்: ஆதாயம் 15,72,000, வரி 1,96,500.

20 சதவீதத்தில்: 2015-16க்குப் பணவீக்கக் குறியீடு 254, இந்த வருடம் (2025-26) 376. 4,86,000 என்பது 7,19,433 ஆகிறது. ஆதாயம் 13,38,567, வரி 2,67,713.

இரண்டுக்கும் மேலே 4 சதவீதம் செஸ். ஆக, உங்களுக்கு 12.5 தான் நல்லது. விலை நாலு மடங்கு ஏறிய சொத்துக்குப் பணவீக்கக் கணக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நான் ஏன் தப்பாகச் சொன்னேன் என்றால், என் மச்சான் கணக்கு மண்டையில் இருந்தது. 2012-13ல் எல்லாச் செலவும் சேர்த்து 14 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை இந்த வருடம் 26 லட்சத்துக்குத் தருகிறார். 12.5 என்றால் ஒன்றரை லட்சம் வரி. ஆனால் 200 குறியீடு 376 ஆனதில் அவருடைய 14 லட்சம் 26,32,000 ஆகிவிட்டது. விற்ற விலையே அதைவிடக் குறைவு, வரி பூஜ்யம். மெதுவாக ஏறிய வீட்டுக்கு ஒன்று, தாவி ஏறிய மனைக்கு ஒன்று. போட்டுப் பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது, எனக்குத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

27 ஜூலை, மாலை

சம்பளம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புது வருமான வரி முறையில் வரியே இல்லையே, இந்த ஆதாயமும் அதில் அடங்காதா என்று தம்பி கேட்டிருக்கிறார். அடங்காது. அந்தத் தள்ளுபடி சம்பளம் மாதிரி சாதாரண வருமானத்துக்கு. 12.5 சதவீதம் என்று தனி விகிதம் போட்ட வருமானத்தை அது தொடாது.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போய்விட்டு வந்து எழுதுகிறேன், உடம்பெல்லாம் எண்ணெய், மீன் வாசனை.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து யோசித்தது: 2015ல் முழு 9 லட்சத்தையும் எழுதியிருந்தால்? கூடுதல் நாலரை லட்சத்துக்கு 8 சதவீதம், 36,000 கூடச் செலவாகியிருக்கும். வாங்கிய விலை 9,72,000 என்று நின்றிருக்கும். இன்றைக்கு ஆதாயம் 10,86,000, வரி 1,35,750. இப்போதைய 1,96,500லிருந்து கழித்தால் 60,750. முப்பத்தாறாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் அறுபதாயிரத்தை விட்டிருக்கிறீர்கள். அன்றைக்குப் பத்திரம் எழுதியவர் "எல்லாரும் இப்படித்தான் சார்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதே வாக்கியம்தான் சொன்னார்கள்.

9 ஆகஸ்ட்

மறுபடி திருத்தம். வாங்கிய விலை 9,72,000 என்று ஆனால் பணவீக்கக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அது 14,38,866 ஆகிறது, ஆதாயம் 6,19,134, இருபது சதவீதம் 1,23,827. அதாவது முழு விலை எழுதியிருந்தால் உங்களுக்கு 20 சதவீதக் கணக்குதான் குறைவு. இழப்பு 60,750 இல்லை, 72,673.

ஆனால் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வந்த கூட்டுறவு வங்கி நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முப்பத்தாறாயிரத்தை ஏழு சதவீதத்தில் பத்து வருடம் போட்டிருந்தால் ஏறக்குறைய எழுபத்திரண்டாயிரம்தானே? சரிக்குச் சரி" என்றார். நானும் கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட அப்படித்தான் வருகிறது. என் பிரசங்கம் புஸ்வாணம்.

ஆகவே வாங்கும்போது குறைத்து எழுதினால் நஷ்டம் என்று தலையில் அடித்துச் சொல்ல முடியாது. விற்கும்போது குறைத்து எழுதுவதுதான் வேறு கதை, அதற்கு வருகிறேன். இப்போது ஆடி. இந்த மாதம் எவரும் பத்திரம் போடப்போவதில்லை, அவசரம் இல்லை.

10 ஆகஸ்ட்

விற்கும்போது 12 லட்சம் எழுதினால் வரி மிச்சமா? கமிஷனை விட்டுவிட்டுப் பார்த்தால் 12 லட்சத்தில் 4.86 போக 7.14 லட்சம் ஆதாயம், வரி 89,250. லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம் மாதிரித் தெரிகிறது. இங்கேதான் தம்பி தன் கேள்வியின் பிற்பாதியைத் தானே மறந்துவிட்டார். அவர் வாங்கப்போவது வீடு.

மனை விற்ற பணத்தில் குடியிருப்பு வீடு வாங்கினால் வருமான வரிச் சட்டத்தின் 54எஃப் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆதாயத்தை மட்டும் இல்லை, கமிஷன் போகக் கைக்கு வந்த முழுத் தொகையையும் வீட்டில் போட வேண்டும். பாதி போட்டால் பாதி விகிதத்துக்குத்தான் விலக்கு. விற்பதற்கு ஒரு வருடம் முன்பிருந்து விற்ற பின் 2 வருடத்துக்குள் வாங்கலாம், கட்டுவதானால் 3 வருடம். விற்கும் அன்று உங்கள் பெயரில் ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, புதிதாக வாங்குவதைக் கணக்கில் சேர்க்காமல். வாங்கியதை 3 வருடம் விற்கக்கூடாது.

தம்பி பார்த்திருக்கும் கிருஷ்ணகிரி வீடு 27 லட்சம். மனைப் பணம் முழுவதும் அதற்குள் போய்விடும். அப்படியானால் 21 லட்சம் எழுதினாலும் வரி பூஜ்யம், 12 லட்சம் எழுதினாலும் வரி பூஜ்யம். பிறகு அந்த 9 லட்சத்தைக் கையில் வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? வீடு விற்பவர் முழுக்க வங்கியில் கேட்டால் அந்தப் பணம் அலமாரியில் தூங்கும். அவரும் கையில் கேட்டால் உங்கள் வீட்டுப் பத்திரம் மறுபடி குறைந்த விலையில். பத்து வருடம் கழித்து இதே கேள்வியைக் கேட்க வருவீர்கள், அப்போது நான் இருப்பேனோ என்னவோ.

குறைத்து எழுதுவதில் லாபம் வாங்குபவருக்கு மட்டும்தான். இப்போது முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 9 லட்சத்துக்கு 81,000 அவருக்கு மிச்சம். அவர் மிச்சத்துக்கு உங்கள் தலையில் ஆபத்து. சொத்து விஷயமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு. மீறினால் அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம். அது விழுவது கொடுத்தவர் மேல் இல்லை, வாங்கிக்கொண்டவர் மேல்.

21 ஆகஸ்ட்

ஆவணி பிறந்தாச்சு, பேச்சும் சூடு பிடித்துவிட்டது. வாங்குபவர் "முழுவதையும் எழுதுவதானால் இருபது லட்சம்தான் தருவேன்" என்று இறங்கியிருக்கிறார். தம்பி கோபத்தில் போனை வைத்துவிட்டாராம்.

கோபப்படாதீர்கள். அவருக்கு 81,000 உண்மையான செலவு. உங்களுக்கு முழு வெள்ளையில் வரியே இல்லை, இரவில் தூக்கமும் இருக்கிறது. அந்தத் தூக்கத்துக்கு ஒரு விலை வைத்துப் பேசுங்கள். பாதியை நான் ஏற்கிறேன், 40,000 குறைத்து 20,60,000, முழுவதும் வங்கி வழியாக, பத்திரத்திலும் அதே தொகை என்று சொல்லிப் பாருங்கள். விலையைக் குறைத்தது மாதிரி இல்லாமல் செலவைப் பங்கிட்டது மாதிரி பேச வேண்டும். நம் பக்கத்தில் விலை குறைத்தால் "இன்னும் குறைவான்" என்று நினைப்பார்கள். செலவில் பங்கு என்றால் மரியாதை.

24 ஆகஸ்ட்

அட்வான்ஸ் விஷயத்தில் என் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

போன வருடம் வைகாசியில் என் மனை ஒன்றை 11 லட்சத்துக்கு விற்கப் பேசினேன். அன்றைக்கு வழிகாட்டி மதிப்பும் 11 தான். வாங்குபவர் டீக்கடையில் வைத்துப் பத்தாயிரம் ரொக்கமாக டோக்கன் கொடுத்தார், அன்றே ஒப்பந்தம் எழுதினோம். ஆனியில் முடிய வேண்டியது. அவருடைய லோன் இழுத்தது, ஆடி குறுக்கே வந்தது, ஆவணியில்தான் பத்திரம். நடுவில் 2024 ஜூலை 1 முதல் வழிகாட்டி மதிப்பு மாறிவிட்டது. எங்கள் தெருவுக்கு 13 லட்சம்.

50சி பிரிவு என்ன சொல்கிறதென்றால், பத்திர விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த மதிப்பில்தான் நான் விற்றதாகக் கணக்கு. 12,10,000 வரை இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். தாண்டிவிட்டது. தாண்டினால் மேலே உள்ளதற்கு மட்டும் வரி என்று நினைத்திருந்தேன், இல்லை, முழு 13 லட்சமும் விற்ற விலை ஆகிறது. வாங்கியவருக்கும் விடவில்லை. வித்தியாசம் 2 லட்சம் அவர் கையில் வருமானம்.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்த நாளின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒப்பந்தத் தேதியிலோ அதற்கு முன்போ விலையில் ஒரு பகுதியாவது காசோலை, வங்கிப் பரிமாற்றம் வழியாக வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது இருபது ஐநூறு ரூபாய்த் தாள்கள். இருபதாயிரத்துக்குள்தானே, ரொக்கத்தில் தப்பில்லை என்று இருந்தேன். அபராதத்துக்குத் தப்பில்லை, இதற்குத் தப்பு. பத்தாயிரத்தை போனில் அனுப்பச் சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே தம்பி, டோக்கன் ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் வங்கி வழியாக, ஒப்பந்தம் எழுதும் நாளிலோ முந்தின நாளோ.

24 ஆகஸ்ட், இரவு

அதே விற்பனையில் இன்னொரு அடி. மாடியில் இன்னொரு வீடு கட்டி 54எஃப் கேட்கலாம் என்றிருந்தேன். குடியிருக்கும் வீடு ஒன்று, வாடகைக்கு விட்ட லைன் வீடு ஒன்று என்று ஏற்கனவே இரண்டு என் பெயரில். தகுதி இல்லை. ஆதாயத்தை மட்டும் ஆறு மாதத்துக்குள் 54இசி பத்திரங்களில், அதாவது ஆர்இசி, பிஎஃப்சி மாதிரி அரசு நிறுவனங்களின் ஐந்து வருடப் பத்திரங்களில் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். எத்தனை வீடு இருந்தாலும் அதற்குத் தடை இல்லை, உச்சம் 50 லட்சம். அப்போதைய என் ஆடிட்டருக்கு அது ஏழாவது மாதம் ஞாபகம் வந்தது.

7 செப்டம்பர்

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து, "என் மனைக்குப் பட்டாவில் புஞ்சை என்றுதான் இருக்கிறது, விவசாய நிலத்துக்கு வரி இல்லையே" என்கிறார்.

கிராமப்புற விவசாய நிலத்துக்கு ஆதாய வரி இல்லை என்பது சரி. ஆனால் நகராட்சி எல்லையிலிருந்து தூரம் பார்க்கிறார்கள். மக்கள்தொகை பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் என்றால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் என்றால் 6, அதற்கு மேல் 8. தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகள் 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குக் கீழ், ஆகவே 2. ஓசூர் ஒரு லட்சத்தைத் தாண்டியது, ஆகவே 6. ஒரே மாவட்டத்தில் இரண்டு அளவு. ரோட்டில் பைக் மீட்டர் வைத்து அளந்து சொன்னார், அது செல்லாது. காக்கை பறக்கிற தூரம்தான் கணக்கு.

தோப்பு தோப்பாக இருந்தால்தான் இதெல்லாம். கல் நட்டு, ரோடு விட்டு, சதுர அடிக் கணக்கில் விற்ற மனையில் பட்டா புஞ்சை என்று சொன்னாலும் அதில் ராகி விளையவில்லையே. மனையாகப் பிரித்து வரிசையாக விற்றால் அதை வியாபாரம் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்போது 12.5 எல்லாம் கிடையாது, சாதாரண வருமான விகிதம்தான்.

புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல், அதில் பிரிவு எண்களெல்லாம் வேறு. 2025-26 நிதியாண்டில் விற்பவருக்கு நான் சொல்லும் பழைய எண்கள்தான்.

28 செப்டம்பர்

வாங்குபவர் 20,60,000க்கு ஒத்துக்கொண்டார்! ஒரு லட்சம் வங்கி வழியாக வந்து, மறுநாள் ஒப்பந்தம்.

இப்போது கிருஷ்ணகிரி வீட்டுக்கு வருவோம். மனைவி பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையுமாமே என்று தம்பி கேட்டார். 2025 ஏப்ரல் முதல் அந்தச் சலுகை இருக்கிறது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். 27 லட்சத்துக்குக் கிடையாது. கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். மனை யார் பெயரிலோ வீடும் அவர் பெயரில் இருக்கட்டும், 54எஃப் கேட்கும்போது வம்பு வராது. உங்கள் பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால் வாடகையும் உங்கள் வருமானத்தோடுதான் சேரும், அதனால் ஒரு பைசா லாபமில்லை.

12 அக்டோபர்

தம்பி வாடகைக் கணக்கு கேட்டார். மாதம் 9,000 என்றால் வருடம் 1,08,000. வீட்டு விலையோடு 9 சதவீதம் பத்திரச் செலவையும் சேர்த்தால் முதலீடு 29,43,000. நூற்றுக்கு 3.67 வருகிறது. வைப்புத்தொகையே இதைவிடத் தரும் என்று முகம் சுளித்தார். வாடகைக்காக யார் நம் பக்கத்தில் வீடு வாங்குகிறார்கள்? அடியில் இருக்கும் மண்ணுக்காக. வாடகை, காத்திருக்கும் நேரத்துக்கு டீச் செலவு.

வரியில் வீட்டு வரியாகக் கட்டியதைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைக் கேள்வி கேட்காமல் கழிக்கலாம். மோட்டார் எரிந்தது, பெயின்ட் அடித்தது என்று தனியாகக் கேட்க முடியாது, எல்லாம் அந்த முப்பதுக்குள். எட்டு லட்சம் கடன் வாங்குகிறார். புது வரி முறையில் வாடகை வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்கலாம், ஆனால் நஷ்டம் வந்தால் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது.

ஒரு மனத்தாங்கல். பழைய வீட்டை வாங்காமல் மனை எடுத்துக் கட்டியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. போன மாதம் 22ஆம் தேதி முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனது. மேஸ்திரி கூலியைக் குறைக்கப்போவதில்லை என்பது வேறு. ஓசூரிலிருந்து வாரம் ஒருநாள் வந்து தம்பியால் கட்டடம் பார்க்க முடியுமா? முடியாது. சரி, பழைய வீடே இருக்கட்டும்.

19 அக்டோபர்

வீட்டு மூலப்பத்திரம் பார்த்தேன். அப்பா கிரயம் வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார், விற்பவர்கள் அவருடைய இரண்டு மகன்கள். வாரிசுச் சான்றிதழில் ஒரு தங்கை பெயரும் இருக்கிறது. "அவளுக்குக் கல்யாணத்தில் எல்லாம் செய்தாச்சு" என்கிறார்கள். செய்திருக்கலாம், அது பங்கை அழிக்காது. தங்கை பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்றார் தம்பி. பதிவானதுதான் அதில் வரும், பதிவாகாத தங்கை வரமாட்டாள்.

2 நவம்பர்

தங்கை சம்மதித்தார். பாலக்கோட்டில் இருக்கிறார், தம்பியே நேரில் போய்ப் பேசினார். ஒரு லட்சம் கேட்டார், அண்ணன்கள் பங்கிலிருந்து எண்பதாயிரத்துக்கு முடிந்தது. பேரம் பேசுவதில் தம்பி என்னை மிஞ்சிவிட்டார்.

ஒருவேளை வீடு தள்ளிப்போனால்: இந்த வருட வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள், அதாவது அடுத்த ஜூலைக்குள் வீட்டில் போடாத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாகத் திறந்து போட்டுவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் அது கணக்கில் வராது.

14 நவம்பர்

புதன்கிழமை மனைப் பத்திரம் முடிந்தது. 20,60,000, எழுதியதும் அதுவே, வந்ததும் அதுவே. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் 14, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தார் என்று தம்பி எழுதியிருக்கிறார். அந்தப் பையில் சாப்பாடுகூட இருந்திருக்கலாம், நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தரகருக்கு 41,200 போனிலேயே அனுப்பினார். ஆதாயக் கணக்கில் கழிக்க ரசீது வேண்டும் என்று நான்தான் வாங்கச் சொன்னேன். இருபது வருடத் தொழிலில் எவனும் ரசீது கேட்டதில்லை என்று சிரித்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். போட்டோ அனுப்பினார், பார்த்தேன். தொகை சரி, தேதி சரி, தம்பி பெயரில் ஒரு எழுத்து தப்பு. திங்கட்கிழமை மறுபடி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.